ஈரம் காயாத சுண்ணாம்பு

“புரளு!” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், நூற்றுப் பதினெட்டு ஆண்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் திரும்புவார்கள். ஒருவர் மட்டும் தனியாகத் திரும்ப முடியாது, அவ்வளவு நெருக்கம். மதியச் சாப்பாடு முடிந்து கம்பிக்கதவு பூட்டப்பட்டால், திறக்கிற வரைக்கும் அரைமணிக்கு ஒரு தடவை அந்தக் குரல் கேட்கும். ஒன்பது வருடமாக ஐந்தாம் கொட்டடிக்குக் கடிகாரம் அவர்தான்.

சிறையில் எல்லோருக்கும் அவர் ‘சுண்ணாம்பு’. வெளியே இருந்தபோதும் வெள்ளையடிக்கிற வேலை, உள்ளேயும் அதே வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வெள்ளை போகாது. குடித்துவிட்டுக் கூட்டாளியோடு போட்ட சண்டையில் ஓங்கிய கை அவரை இங்கே கொண்டுவந்து விட்டது. அதை அவர் பூசி மெழுகுவதில்லை.

“செஞ்சது தப்பு. அதுக்குத்தான் உள்ள இருக்கேன். எனக்கு எழுதினது ஆயுள் தண்டனை. ஆயுசு பூரா ஒருக்களிச்சுப் படுன்னு எந்தக் கோர்ட்டும் எழுதலையே!”

கட்டடத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல். கைதிகளைச் சங்கிலியில் பிணைத்த வளையங்கள் சுவரில் இன்னும் இருக்கின்றன. இப்போது அவற்றில் துண்டு காய்கிறது. தூக்குமேடை இருந்த அறையில் ரேஷன் மூட்டை. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. போன மழையில் அது பொரிந்து பெயர்ந்தபோது இவர் சும்மா இருக்காமல் கரண்டியால் சுரண்டினார். அடியில் தார்க்கறுப்பில் கொட்டை எழுத்து: ‘ஐந்தாம் கொட்டடி. நாற்பது ஆட்கள்.’

செய்தி ஜெயிலர் காதுக்குப் போனது. ஆய்வுக்கு நீதிபதி வருவதற்கு முந்தின நாள் ஜெயிலரே வந்து நின்றார்.

“நாளைக்கு அந்தம்மா வர்றதுக்குள்ள இதை மூடிடணும். இல்லேன்னா பரோலை மறந்துடு.”

மூத்த மகள் கல்யாணத்துக்குத்தான் அந்தப் பரோல். தையல் கொட்டகையில் வேலை செய்யும் பக்கத்துப் படுக்கைக்காரர் கெஞ்சினார்: “மூடித் தொலைங்கண்ணே. பொண்ணு கல்யாணத்தை விடவா இது பெருசு?”

“மூடத்தான் போறேன். பொறு.”

மறுநாள் காலை முழுக்க வாளியைக் கலக்கிக்கொண்டே பொழுதை ஓட்டினார். மதியம், எல்லோரும் உள்ளே பூட்டப்பட்டிருந்த நேரத்தில் நீதிபதி வந்துவிட்டதாக வாசல் மணி அடித்தது. அப்போதுதான் பிரஷ்ஷை எடுத்து, எழுத்தின்மேல் தண்ணீராக ஒரே ஒரு பூச்சு. ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும். வெள்ளையடித்தவருக்கு இது தெரியும், சலவைச் சட்டை போட்ட ஜெயிலருக்கு எங்கே தெரியப்போகிறது?

நீதிபதி நுழைந்தபோது எழுத்து கழுவித் துடைத்ததுபோல மின்னியது. ஜெயிலருக்கு முகம் செத்துவிட்டது.

“அடிக்கச் சொன்னேனே!”

“அடிச்சுட்டேங்கய்யா. ஈரம் காயலை.” சொட்டுகிற பிரஷ்ஷோடு அவ்வளவு பணிவு!

நீதிபதி எழுத்தை வாய்விட்டுப் படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். “இவ்வளவு பேரும் எப்படிப் படுக்குறீங்க?”

சுண்ணாம்பு எல்லோரையும் படுக்கச் சொன்னார். படுத்தார்கள். “புரளு!” என்றார். நூற்றுப் பதினேழு உடம்புகள் ஒரே சமயத்தில் புரண்ட சத்தம் கேட்டு அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார். தையல்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? படுத்தபடியே பரோல் மிரட்டலையும் போட்டு உடைத்தார்.

நீதிபதியின் கையெழுத்தோடு சுண்ணாம்பு கல்யாணத்துக்குப் போய் வந்தார். நான்காம் மாதம், பூட்டிக் கிடந்த பழைய நெசவுக் கொட்டகையைப் புதுப்பித்து எழுபத்தெட்டுப் பேரை அங்கே மாற்றினார்கள். அந்தச் சுவர் எழுத்தை இனி யாரும் மூடக் கூடாது என்று உத்தரவு. அதற்குக் கறுப்பு மை தொட்டு உயிர் கொடுத்ததும் சுண்ணாம்புதான். மேற்பார்வை பார்த்தவர் ஜெயிலர்!

நாற்பது பேராக அடைபட்ட முதல் மதியம். இடம் தாராளமாகக் கிடந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? எல்லோரும் ஒருக்களித்தே படுத்து, குரலுக்காக அவர் வாயைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு வாயைத் திறக்கவில்லை. மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் அகல விரித்தார். வலக்கை யார்மீதும் படவில்லை. இடக்கையும் படவில்லை.