கோட்டின் மற்றப் பக்கம்

அமெரிக்கன் ஃபுட்பால் என்று சொன்னால் எங்கள் சனம் இப்போதும் உதைபந்தாட்டம் என்றுதான் நினைத்துக்கொள்ளும். அது வேறு விளையாட்டு, ஹெல்மெட் போட்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிறது, பந்தைக் கையால் எறிகிறது என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா ஆசைக்கு விளையாடுகிற ஒரு கிளப்பில் நான் லைன்மேன். பந்தை எறிகிறவனுக்குப் பெயர் குவாட்டர்பேக். இரண்டு அணியும் எதிரெதிரே நிற்கிற கோட்டில், அவனுக்கு முன்னால் சுவர்போல நின்று, எதிரணியில் ஒருத்தனையும் அவனிடம் போகவிடாமல் மறிப்பதுதான் என் வேலை. அதற்குப் பெயர் பிளாக்.

பெரிய உடம்புக்காரனுக்கு ஏற்ற வேலை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு வேறெங்கும் நான் நிம்மதியாக இருந்ததில்லை. கலியாண வீட்டில் பிளாஸ்டிக் கதிரையைக் கண்டாலே பயம். கோயிலில் மாமிமார் முதலில் என் வயிற்றைத்தான் சுகம் விசாரிப்பார்கள். இந்த உடம்பு எங்களுக்கு வேண்டும், வா என்று கூப்பிட்டது அந்தத் திடல் ஒன்றுதான்.

அதனால்தான் கோச் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசியபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. பந்து எங்களிடம் இருக்கும்போது விளையாடுகிற ஒஃபென்ஸில் என் இடத்துக்கு ஓர் இளம் ஆள் வந்துவிட்டான். எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸில் மட்டும் ஒரு இடம் இருக்கிறது. கடைசி மேட்ச்சில் உன்னை அங்கே போட்டுப் பார்க்கிறேன், சரிவராவிட்டால் அடுத்த சீசனுக்கு வைத்திருக்க முடியாது என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே கோடுதானே, மற்றப் பக்கம் நின்றால் என்ன என்று மனைவி கேட்டாள். என்னவென்று சொல்ல? இவ்வளவு காலமும் குவாட்டர்பேக்கைக் காத்த நான், இனி எதிரணிக் குவாட்டர்பேக்கைப் போய் விழுத்தவேண்டும். ஒரு அடி பின்வைத்து, வருகிறவனை நெஞ்சில் வாங்கப் பழகிய கால் இனி முன்னால் பாயவேண்டும். அந்தப் பாழாய்ப்போன கால் என் சொல் கேட்கவில்லை. பயிற்சியில் பந்து அசைந்ததும் அது தானாகப் பின்னுக்குப் போனது.

டீமில் என்னைத் தவிர ஒரே ஒரு தமிழன்தான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருந்து வருவான். ஒஃபென்ஸில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றவன். பயிற்சி முடிந்து எல்லோரும் மழைக்குக் காருக்குள் ஓடிய பிறகு, அவன் எனக்கு எதிரே குனிந்து நின்றான்.

"ஏன் மச்சான் பின்னுக்குப் போறாய்? வந்து என்னை இடியடா."

"ஏலாமல் கிடக்கடா."

"ஏலும். முன்னுக்கு நிக்கிறது நானெண்டு யோசியாதை. பந்து அசைய வா."

சேறு அப்பி அவன் முகம் தெரியாமல் போகும்வரை இடித்தேன். வீட்டிலும் விடவில்லை. எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினியில் அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் பாய்ந்து பாய்ந்து பழகினேன். "இஞ்சேருங்கோ, பிரிட்ஜ் உங்களுக்கு என்ன செய்தது?" என்றாள் மனைவி. சிரிக்கிற நிலையில் நான் இல்லை. இதுவும் போனால் எனக்கென்று எதுவும் இல்லை.

கடைசி மேட்ச்சில் முக்கால்வாசி நேரம் நான் நின்றதும் ஒன்றுதான், நில்லாததும் ஒன்றுதான். கோச் என்னை வெளியே எடுக்காதது ஏனென்று எனக்கு இன்னும் தெரியாது. கடைசியில் நாங்கள் கொஞ்சம் முன்னால் இருந்தோம். எதிரணிக்கு ஒரே ஒரு எறிதான் மிச்சம். அவர்களுடைய குவாட்டர்பேக்கை எறியவிடாமல் விழுத்தினால் எங்களுக்கு வெற்றி.

பந்து அசைந்தது. என் கால் முன்னால் போனது. உண்மையாகவே போனது. என்னை மறித்தவன் ஒரு பக்கம் சாய, நான் உள்ளே நின்றேன். கைக்கெட்டும் தூரத்தில் குவாட்டர்பேக். எனக்கும் அவனுக்கும் இடையில் ஒருத்தரும் இல்லை.

அப்போது மற்றப் பக்கத்தால் ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு குவாட்டர்பேக்கை நோக்கி வெறிபிடித்து ஓடி வந்தான். நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. குறுக்கே போய், இரண்டு கையையும் அவன் நெஞ்சில் கொடுத்து, மல்லாக்க விழுத்தினேன்.

கீழே கிடந்தவன் எங்கள் ஜெர்சி போட்டிருந்தான்.

என் முதுகுக்குப் பின்னால் குவாட்டர்பேக் ஆறுதலாகப் பந்தை எறிந்தான். அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததை, எதிரணிப் பக்கம் எழும்பிய சத்தத்தில் அறிந்தேன். தன்னைக் காத்த லைன்மேனின் தோளில் குவாட்டர்பேக் தட்டிவிட்டுப் போவது வழக்கம். அவனும் ஓடிப்போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

என் தமிழ்க் கூட்டாளி வந்து பக்கத்தில் நின்றான், தோளோடு தோள், பழைய இடத்தில்.

"இதைவிட நல்ல பிளாக் நீ போட்டு நான் பார்க்கேல்லை மச்சான்" என்றான். அவன் நக்கலடிக்கவில்லை.

கோச் திடலைத் தாண்டி என்னிடம் வந்தார். இந்த முறை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அழுதுகொண்டிருந்ததால் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.