செத்தவர்களுக்கும் ஒரு ராலாமி

"ஐடென்டிய எடு!" என்று அதட்டிவிட்டு, பனிக்குள் நிற்பவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்க்கிறார் நாகலிங்கம். பல்லில் ஈரம் இருந்தால் அடுத்த கேள்வி: "யாரு வீட்டுல குடிச்ச? கேட்டுக் குடிச்சியா, கேக்காமக் குடிச்சியா?"

பலாங்கொடைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்துக்கு அவர்தான் ராலாமி. பொலிஸ்காரரை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இவருடைய காவல் செத்தவர்கள்மேல். செத்தும் அடங்காமல் இரத்தத்துக்கு அலையும் காட்டேரிகளுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: வீட்டுக்குரியவர் கூப்பிடாமல் வாசற்படி தாண்டக் கூடாது. தாண்டத் துணிந்தவனை இழுத்துப்போய் தொழிற்சாலையைக் காக்கும் ரோதைமுனியின் கோயில் பலாமரத்தில் ஆணியடித்து நிறுத்துவது நாகலிங்கத்தின் வேலை.

அவரும் காட்டேரிதான். பத்து வருஷத்துக்கு முன் பலாங்கொடை பஸ் நிலையத்தில் ஒரு காட்டேரியை மடக்கியபோது அது அவர் கழுத்தைக் கடித்தது. விட்டாரா மனுஷன்? கடிக்கக் கடிக்க இழுத்துக்கொண்டு போய்ப் பொலிஸ் கூட்டில் அடைத்து, பூட்டி, சாவியை மேசையில் வைத்த பிறகுதான் விழுந்து செத்தார். சப்ரகமுவ மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டாலும் அப்படி இன்னொரு பொலிஸ்காரன் கிடைக்க மாட்டான். மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போனார். "செத்தவனுக்கு இங்க வேல இல்ல" என்றார்கள் மேலதிகாரிகள். "செத்தவனுக்கும் சட்டம் இருக்குங்க மாத்தையா" என்று சொல்லிவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

காக்கிச்சட்டையில் மடிப்புக் கலையாது. கண்ணாடியில் உருவம் தெரியாததால், கொழுந்தெடுக்கும் பெண்களிடம்தான் கேட்பார்: "தொப்பி நேரா இருக்காம்மா?"

"மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க ராலாமி. பல்ல மட்டும் மூடிக்கிங்க!"

மழைக்காலத்தில் அட்டை எல்லோர் காலிலும் ஏறும், அவர் காலில் ஏறாது. "நம்ம ஆளுன்னு வெலகிப் போவுது" என்பார். தேயிலையைக் கத்தரிக்குமுன் கவ்வாத்துசாமிக்கு அறுக்கும் சேவலின் இரத்தம் அவருக்கு என்று ஆட்களே ஒதுக்கிவைப்பார்கள். அதற்கு மேல் யாரிடமும் கேட்டதில்லை.

போன மாசம் ஒரு நாள் உச்சிவேளை. ஆட்கள் எல்லாம் மலையில். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் இருளாயி மட்டும், தன் வீட்டில் பிள்ளை பெற்றுக் கிடந்த தங்கை விஜயகலாவுக்குத் துணையாக இருந்தாள். பிரசவ வாடை பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான் ஹார்ட்லி துரை. தொழிற்சாலைக்கு மேலே கல்லறையில் எழுபது வருஷமாகக் கிடந்த வெள்ளைக்காரன். அடுத்த நிமிஷம் நாகலிங்கம் அங்கே நின்றார்.

"இது நான் கட்டின லயம்" என்றான் துரை. "தகரம் என்னுது, செவுரு என்னுது. சொந்த வீட்டுக்குப் போறதுக்கு யார் கூப்பிடணும்?"

நாகலிங்கம் கூரைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தார். லயத்தில் எவன் கையில் வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிறது? இந்தப் பேச்சு எடுபட்டால் இந்தத் தாயும் பிள்ளையும் மட்டுமா, தோட்டத்தில் ஒரு கதவும் மிஞ்சாது. ஆனாலும் பொலிஸ்மூளை வேலை செய்தது.

"ஒங்க வீடுதானுங்களே தொர? உள்ள அடுப்பு எந்த மூலையில இருக்கு, சொல்லுங்க."

துரை சிரித்தான். "கூலிக்காம்பராவுக்குள்ள நானா? ஒரு நாளும் கால் வெச்சதில்ல!"

"பொறவென்ன? உள்ள நொழையாதவனுக்கு அது வீடே இல்ல." நாகலிங்கம் இருளாயியின் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரி நீதாம்மா. வரலாமா, வேணாமா? ஒன் வாய்தான் சட்டம். நீ வான்னா நான் வெலகி நிக்கணும்."

"ஏய் பொம்பளே! 'வாங்க தொர'ன்னு சொல்லு!"

தோட்டத்துத் துரைமார் போகும்போதெல்லாம் வழிவிட்டு வடிகால் கானுக்குள் இறங்கி நின்று பழகிய உடம்பு. மரியாதைக்குத் தலைத்துணியை எடுக்க இருளாயியின் கை தானாகப் போனது. "வா..." என்று வாயும் திறந்தது. நாகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு சொல் எடுத்துக்கொடுத்தாலும் சட்டம் செல்லாது.

உள்ளே குழந்தை வீரிட்டது.

இருளாயி தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். வாசலை மறித்துக் காலை அகட்டி நின்றாள்.

"வராதடா! இது என் வீடு. போடா அங்கிட்டு!"

துரை வெறிகொண்டு படியில் காலை வைத்தான். சப்பாத்து கடதாசிபோல் பற்றி எரிந்தது. அலறிப் பின்னால் சாய்ந்தவனின் இடக்கையை நாகலிங்கம் எட்டிப் பிடித்தார். விலங்கின் ஒரு வளையத்தை அதில் மாட்டி, மற்றதைத் தன் வலக்கையில் பூட்டினார்.

"யமு தொர, போவம். பலாமரம் காத்துக்கிட்டு இருக்கு."

இரண்டடி வைத்தவர் நின்றார். இருளாயியின் பக்கம் திரும்பினார். குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, பெரிய பொலிஸ் மாத்தையாவுக்கு அடிக்கிற மாதிரி ஒரு சலூட் அடித்தார். விலங்கு இழுத்த இழுப்பில், துரையின் கையும் கூடவே நெற்றிவரை ஏறியது.