ஒரு காலைக்கு எத்தனை குடம்

செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் டீ கொடுத்துவந்தேன். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கிற சார் ஒல்லியாக இருப்பார். கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மும்பையில ஒரு நாள் காலையில எத்தனை குடம் தண்ணி பிடிப்பாங்க?"

வந்தவர்கள் பெரிய பெரிய கணக்காகச் சொன்னார்கள். அவர் திரும்பவே இல்லை. தாராவியிலிருந்து வந்த ஒரு பெண்தான், "தண்ணி வர்ற நாளா, வராத நாளா சார்?" என்று கேட்டாள். சட்டென்று திரும்பினார். வேலை அவளுக்குத்தான்.

பிறகு நான் கேட்டேன். "பதில்தான் என்ன சார்?"

"எனக்கும் தெரியாதும்மா. தெரியாததைக் கேட்டா என்ன செய்றாங்கன்னுதான் பாக்கறேன்."

நாற்பது வருஷம் குழாயடியில் நின்றவள் நான். என்னிடம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் சந்துக்காவது பிசகாமல் சொல்லியிருப்பேன். இப்போதும் குடம் நிரம்பும்போது எண்ணத் தொடங்குவேன். பாதியில் அவர் பார்த்த மேகம் வந்துவிடும், எண்ணிக்கை விட்டுப்போகும்.