மேசையைத் தட்டினால் திரும்புகிற பிள்ளை

காஜாக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குத்தான் காஜா என்று பேர். அதை எடுப்பதில் அவளுக்கு அப்படி ஒரு கைச்சுத்தம். புருஷன் டெய்லர். அவனுடைய அக்கா ஒருத்தி, கட்டினவன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட நாத்தனார், துணிக்கு ஓரம் அடிப்பாள். ஆளுக்கொரு மிஷின், மூன்றும் முன்னறையில்தான். மூன்றும் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அந்த வீட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே ஒழிந்துபோனது. கத்தரிக்கோல் பிடியால் மேசையில் ரெண்டு தட்டு தட்டினால் ஆள் நிமிர்ந்து பார்க்கும். அவ்வளவுதான் அவர்கள் கூப்பாடு.

காஜாக்காரியின் மகள் பாப்பா அந்தச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவள். இரண்டரை வயசு. மேசைக்கு அடியில் உட்கார்ந்து காலி நூல்கண்டுகளை வரிசை பிடித்து அடுக்குவாள். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் மட்டும் தொண்டை கிழிய அழுவாள். மற்றபடி மடியில் ஏறி வேலையைக் கெடுப்பது, கேள்வி கேட்டுக் குடைவது, ஒன்றும் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பாள். துணி கொடுக்க வருகிறவர்கள், பெண் பிள்ளை என்றால் இப்படி அடக்கமாக இருக்கவேண்டும் என்று மெச்சிவிட்டுப் போவார்கள். பெற்றவளுக்கும் அதில் தலைகால் புரியாத பெருமைதான். சொல்லிக்கொண்டிருந்த ரெண்டு மூன்று வார்த்தையும் எப்போது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. சீருடை மலைபோல் குவிந்ததும் பாப்பாவைப் பகலில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒருநாள் காஜாக்காரி பிள்ளையை அழைத்துவரப் போனபோது அங்கிருந்த டீச்சர் அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"வீட்டுல பாப்பாவ எப்படிம்மா கூப்பிடுவீங்க? பேர் சொன்னா திரும்பவே மாட்டேங்குறா. ஒண்ணு வேணும்னா விரலை நீட்டிக் கேக்கவும் மாட்டேங்குறா."

காஜாக்காரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் வீட்டில் கூப்பிட்டால் உடனே திரும்புகிறாளே, உங்களுக்குத்தான் பிள்ளையைப் பழக்கத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். சொன்னாளே தவிர, பாதி வழியிலேயே அவளுக்கே சந்தேகம் வந்தது. கூப்பிடுகிறோமா? யார் கூப்பிட்டோம்?

மறுநாள் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. மத்தியானம் மிஷின்கள் நின்றன. மற்ற இருவரும் உள்ளே சாப்பிடப் போனார்கள். அவள் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொன்னாள். நூல்கண்டு அடுக்குகிற கை நிற்கவில்லை. கிட்டே போய்ச் சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள், அதட்டிச் சொன்னாள். சுவரோடு பேசினாற்போல் இருந்தது. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துத் தட்டினாள். சட்டென்று திரும்பினாள் பாப்பா.

அப்பாடா என்று மூச்சு விட்டவள், அந்தக் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். அது கத்தரிக்கோலில் இருந்தது. கத்தரிக்கோலை மேசையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்த் தட்டினாள். கண்ணும் அங்கே போனது. தாயின் முகத்துக்கு ஏறவேயில்லை. இத்தனை நாளும் பிள்ளை தங்களைப் பார்ப்பதாக மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நாத்தனாரிடம் சொன்னதற்கு அவள் குடும்பக் கதையை அவிழ்த்தாள். அவளுடைய சித்தப்பா நாலு வயசு வரை வாயே திறக்கவில்லையாம். திறந்தபிறகு மூடவில்லையாம், சித்தி அதிலேயே செவிடாகிப் போனாளாம். பெரியம்மா மகன் ஒருவனும் அப்படித்தானாம். புருஷன் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "காதுதான் கேக்குதே, அப்புறம் என்ன?" என்றான்.

அப்புறம் என்ன என்பதுதான் அவளுக்கும் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்து கூப்பிட்டாள். குளிப்பாட்டும்போது கூப்பிட்டாள். ஜன்னல் வழியே நாயைக் காட்டினாள்; பிள்ளை அவள் விரல் நுனியைப் பார்த்தது, நாயைப் பார்க்கவில்லை. வேலையில் மனசு ஓடவில்லை. ஒருநாள் காஜாவை அளவு தப்பி வெட்டி ஒரு நல்ல சட்டை பாழானது. புருஷன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான்.

அன்றைக்கே சொல்லிவிட்டாள், காலையில் டாக்டரிடம் போகப்போவதாக. நாத்தனார் பதறினாள். பெண் பிள்ளையாயிற்றே, ஊர் வாயில் விழுந்தால் நாளைக்கு எவன் கட்டிக்கொண்டு போவான் என்றாள்.

"அவ இன்னும் அம்மான்னே சொல்லல அண்ணி. நீங்க கல்யாணத்துக்குப் போயிட்டீங்க. ஒண்ணுமில்லன்னா அதை டாக்டர் சொல்லட்டும்."

காலையில் அவள் கிளம்பும்போது புருஷனும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டார். ஒன்றைக் காட்டி உங்களையும் பார்க்க வைப்பாளா? பொம்மைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி விளையாடுவாளா? டாட்டா காட்டுவாளா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லச்சொல்ல அவள் குரல் தேய்ந்தது. முகம் பார்த்துச் சிரிப்பாளா என்ற கேள்விக்குப் பக்கத்திலிருந்து புருஷன் பதில் சொன்னான்.

"வெளிய போயிட்டு நான் வந்தா சைக்கிள் சக்கரத்தத்தான் பார்ப்பா டாக்டர். என்னைப் பார்க்க மாட்டா. போன வருஷத்துலருந்தே."

காஜாக்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டிசமாக இருக்கலாம், ஒரே நாளில் முடிவாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சத்தத்துக்குத் திரும்பினாலும் முதலில் காதைப் பரிசோதித்துவிட வேண்டும், பிறகு இதற்கென்றே இருக்கிறவர்கள் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பார்கள், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம் என்றார். அடக்கமாக இருந்ததால் யாருக்கும் தோன்றியிருக்காது, பெண் பிள்ளைகள் விஷயத்தில் இப்படித் தள்ளிப்போவது உண்டு என்றும் சொன்னார்.

வெளி வராந்தாவுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நெசமாயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

திட்டுவதற்கு வாய்வரை வந்தது. வழியெல்லாம் திட்டலாம், வீட்டுக்குப் போயும் திட்டலாம் என்று விழுங்கிக்கொண்டாள். பாப்பாவை அவன் தோளுக்கு மாற்றிவிட்டு, எதிரே வந்த நர்சை நிறுத்தி, காது பரிசோதிக்கிற அறை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.