காடிப் பானை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பத்மநாபபுரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் ஆறு பன்றிகள். ஊரில் மற்றவர்கள் தென்னை மூட்டில் கட்டிப்போட்டு வளர்க்க, நான் மட்டும் கணவரை நச்சரித்துக் கருங்கல்லில் கூடு கட்ட வைத்திருந்தேன். கழுவினால் தண்ணீர் வடிய சரிவான தளம், தின்னக் கல்தொட்டி, சுற்றிலும் வேலி. அந்தக் கூட்டைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போய், மலைக்காய்ச்சலில் செத்தவன். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு சினைப் பன்றி. அது குட்டி போட்டால் ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளோடு அந்த மலைக்குப் போகவேண்டாம் என்பதுதான் அவள் கணக்கு. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, மரச்சீனிக் கிழங்குத் தோல் எல்லாம் சேரும் எங்கள் காடிப் பானையிலிருந்து எங்கள் பன்றிகளுக்கு ஊற்றியது போக, தினமும் அவள் பன்றிக்கும் ஒரு குடம் கொடுப்பேன்.

அந்த வருஷம் குளச்சல் பக்கத்து ஊர்களில் பன்றிகளுக்குக் கொள்ளைநோய் என்று செய்தி வந்தது. உடனே வேலியை அடைத்தேன். வாசலில் சுண்ணாம்பு தூவினேன்.

"ஏட்டி, இனி வேலிக்கு இப்புறம் காலு வைக்கப்பிடாது. கண்ட இடமெல்லாம் நடக்குத காலு உனக்கு" என்று அவளிடம் மூஞ்சியில் அடித்தாற்போலச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. வெளியே நின்றே காடியை வாங்கிப் போனாள்.

அதே வாரம் குளச்சல் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், வாழையிலையில் கட்டிப் பன்றியிறைச்சி அனுப்பியிருந்தாள். பன்றி அறுத்தால் பிறந்த வீட்டுக்கு ஒரு பங்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பண்டிகை ஒன்றும் இல்லாத நாளில் எதற்காக அறுத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. குழம்பு ருசியாகத்தான் இருந்தது. இறைச்சி கழுவிய தண்ணீரை, கை பழகிய பழக்கத்தில், காடிப் பானையில் ஊற்றினேன்.

ஏழெட்டு நாளில் அவள் பன்றி படுத்துவிட்டது. காதெல்லாம் நீலம் பாரித்திருந்தது. மறுநாள் என்னுடையவை. அந்த வாரத்துக்குள் அவளுடையதும் என்னுடைய ஆறும் போய்ச் சேர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் விட்டதும், சபையார் எல்லோரும் நிற்க, அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்க பன்னிக்குத்தானேட்டி மொதல்ல வந்துது? எனக்க குடியக் கெடுத்திட்டியே!"

"நான் உள்ள வரல்ல மைனி" என்று மட்டும் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. மாதம் முடிவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்கே போய்விட்டாள்.

அவள் போன பிறகு அரசாங்க மிருக வைத்தியர் ஒருவர் வந்தார். கூட்டைச் சுற்றிப் பார்த்தவர், "கூடு நல்லாத்தான் கட்டியிருக்கு. எறைச்சி கழுவின தண்ணி எதாவது காடியில ஊத்தினீங்களா? நோய் வந்த பன்னிக்க எறைச்சின்னா அதுவே போதும்" என்றார்.

காடிப் பானைப் பக்கம் திரும்பாமல், "இல்ல" என்றேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம் அவள் வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். கூட ஒரு பிள்ளைதான் இருந்தது. இளையவளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டதாம்.

"மைனி, எனக்க பன்னியாலதான் உங்களுக்கு அவ்வளவு நஷ்டம். எப்பிடி வந்துதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க பொறுத்துக்கிடணும்" என்று என் கையைப் பிடித்தாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போட்டும், மனசுல வச்சுக்கிடாத" என்றேன். அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அறியாமல் ஊற்றிய தண்ணீருக்காக எத்தனையோ தடவை கர்த்தரிடம் அழுதிருக்கிறேன். ஆனால் எல்லாம் தெரிந்தும் அன்றைக்கு நான் அவளை மன்னித்தேனே, அதைச் சொல்லி ஜெபிக்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.