யாரு ஊட்டு ஒறம்பரை

கமலா அண்ணி ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்துக்கு வந்த புதிதில் காப்பித் தோட்டத்துப் பெண்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "சேலத்தா" என்றார்கள். சரிவில் இறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். ஏறும்போது மூச்சு வாங்க நிற்பார். "சேலத்தா, பஸ்ஸு வரட்டும்னு நிக்கறயா?" என்று மேலேயிருந்து குரல் வரும். அண்ணி பதில் பேச மாட்டார். மூன்றாவது அறுவடையில், பச்சைக்காய் விழாமல் சிவந்த பழமாகவே இரண்டு கையாலும் பறித்துக் கூடையை நிரப்பி, எல்லாருக்கும் முன்னால் வரிசையின் மறுமுனையில் போய் நின்றார். "பஸ்ஸு வந்துருச்சுக்கா" என்றார். அதற்குப் பிறகும் சேலத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கூப்பிட்ட விதம் மாறிவிட்டது.

என் அண்ணன் சின்னன் எஸ்டேட் ஜீப் ஓட்டினான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காப்பிக்கொட்டைக் கடைக்கு மூட்டை இறக்கப் போன இடத்தில், பக்கத்துக் கொலுசுப் பட்டறை ஆறுமுகத்தின் மகளைப் பார்த்தான். ஆறுமுகம் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. தாலி கட்டும்போது வந்து நின்றார். தீபாவளிக்குப் போனால் துணி எடுத்துக் கொடுத்தார். மலைக்கு மட்டும் வரவில்லை. "பட்டறைய யாருகிட்ட உட்டுட்டு வர்றது, கண்ணு?" என்பார்.

பட்டறை ஒரு சாக்கு. உண்மையான காரணம் ஒரு சொல். எங்கள் மலைச்சனத்துக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கேரளத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "மாப்பிள்ளை யாரு?" என்று தெருவில் கேட்டபோது ஆறுமுகம் "மலையாளி" என்றார். கேட்டவர்களே அதோடு பாலக்காட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை, திருத்தவும் இல்லை. மலைக்காரனுக்குப் பெண் கொடுத்தவன் என்று தலைகுனிந்து நடப்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது. அண்ணிக்கு இதெல்லாம் தெரியும். ஒரு தடவைகூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

எண்பத்து நாலு மே மாதம், ஆறுமுகத்தின் தங்கை சரஸ்வதி ஈரோட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்து, ஏற்காடு பார்த்தே ஆகவேண்டும் என்று வேன் பிடித்தார். மறுக்க முடியாமல் ஆறுமுகமும் ஏறினார். நாங்கள் மூவரும் ஏரிக்கரையில் காத்திருந்தோம்.

இறங்கியதும் சரஸ்வதி என் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பி, தெரிந்த மலையாளத்தில் நலம் கேட்டார். "சுகந்தன்னே?"

அண்ணன் ஒரு கணம் விழித்தான். "சொகந்தானுங்க."

"பாருங்கடா, தமிழ் எத்தனை சுத்தமாப் பேசறாருன்னு," என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "உங்க ஊட்டுல யானை இருக்குதுங்களா?"

"யானை இல்லீங்க. காட்டுப்பன்னி வரும். அதைக் கட்டி வெக்கறதில்லீங்க."

ஆறுமுகம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறைப் பக்கம் ஒதுங்கியதும் அண்ணன் அண்ணியிடம், "நானே சொல்லிப்போடறேன். எத்தனை நேரம் பாலக்காட்டுக்காரனா இருக்கறது?" என்றான்.

"வேண்டாங்க. நாம சொன்னா நாம சொன்னதாத்தான் இருக்கும். அவரு வாயில வரோணும்."

"வராட்டி?"

"வராட்டி ஊட்டுக்குக் கூப்பிட மாட்டேன். ஊரச் சுத்திக் காட்டிட்டு வேன்ல ஏத்தி அனுப்பிச்சுருவேன்."

"காலையில இருந்து சாமை குத்திப் பொடைச்சு வெச்சயே?"

"நாமளே தின்னுக்கலாம்."

அண்ணி சிரிக்கவில்லை.

லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று பிள்ளைகள் கீழே செவ்வாய்ப்பேட்டையைத் தேடின. வழியில் ஒரு பழைய கல் பங்களா முன்னால் வேனை நிறுத்தச் சொன்ன சரஸ்வதி, இதை யார் கட்டியது என்று கேட்டார்.

"தொரைங்க கட்டுனதுங்க. கல்லுத் தூக்குனது எங்க ஆளுங்க," என்றான் அண்ணன்.

"பாலக்காட்டுல இருந்து வந்தா தூக்குனாங்க?"

அண்ணி தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். ஆறுமுகம் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். "வெயிலு ஏறுது. கோயிலுக்குப் போலாம்," என்றார்.

சேர்வராயன் கோயில் மலையுச்சியில் ஒரு குகை. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அண்ணன் வேனில் தூங்கிப்போன சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றுவிட்டான். நான் கடைசியாக நுழைந்தேன். பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளையன் பூசாரிக்கு ஒரு வழக்கம். புதிதாக வந்தவர்களில் மூத்தவரிடம், யாருடைய வீட்டுக்கு விருந்தாக வந்த உறவு என்று கேட்பார். அந்த வீட்டின் பெயரைச் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் சூடம் கொளுத்துவார். அண்ணி அங்கேயே நின்றாலும், அவரை நன்றாகத் தெரிந்திருந்தாலும், அண்ணியைக் கேட்கவில்லை.

"யாரு ஊட்டு ஒறம்பரைங்க?" என்று ஆறுமுகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சேலம் செவ்வாப்பேட்டைங்க," என்று சரஸ்வதி முந்திக்கொண்டார்.

"ஊரக் கேக்கலீங்கம்மா. ஒறம்பரையக் கேட்டேன். மலையில ஆரையும் தெரியாட்டிச் சுத்திப் பாக்க வந்தவங்கன்னு சொல்லிர்றேன். சாமிக்கு அதுவும் சம்மதந்தான்."

பூசாரி தப்பிக்க நல்ல வழியாகவே காட்டிவிட்டார். அண்ணி விளக்கைப் பார்த்தபடி நின்றார். உதவவில்லை. நான் ஆறுமுகத்தின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. குனிந்திருந்த முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது.

"சுத்திப் பாக்க வந்தவங்க இல்லீங்க," என்றார். "மாரமங்கலத்துச் சின்னன் ஊட்டு ஒறம்பரை. எம் மருமவன். இந்த மலைக்காரருங்க."

"அப்பப் பாலக்காடு?" என்றார் சரஸ்வதி.

"பாலக்காடுன்னு நா எப்பச் சொன்னேன்? மலையாளின்னேன். இந்த மலையாளி, சரசு."

பூசாரி சாமி பக்கம் திரும்பினார். "சின்னன் ஊட்டு ஒறம்பரை வந்திருக்குது சாமி. பொண்ணு குடுத்த சம்பந்தி," என்றார். சூட வெளிச்சத்தில் எல்லா முகமும் தெரிந்தது.

"அப்பா, பாத்து வாங்க. தலை இடிக்கும்," என்றார் அண்ணி. வெளியே வந்ததும் நேராக அண்ணனிடம் போனார். "ஏனுங்க, வேனை எடுக்கச் சொல்லுங்க. ஊட்டுல போயிச் சோறாக்கோணும்."

அண்ணன் அவரையும் குகை வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தான்.

வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் இலையில் விழுந்தபிறகும் சரஸ்வதிக்கு ஆறவில்லை. "அஞ்சாறு வருசமா ஈரோட்டுல பாலக்காட்டு மாப்பிள்ளைன்னு பீத்தி வெச்சிருக்கறேன். இனி ஊடு ஊடாப் போயி மாத்தோணுமா?"

"மாத்து. சேர்வராயன் மலைன்னு சேத்திச் சொல்லு. செவ்வாப்பேட்டையில நானே சொல்லிக்கறேன்," என்ற ஆறுமுகம் இலையிலிருந்து நிமிர்ந்தார். "இன்னுங் கொஞ்சம் போடு, கண்ணு. நொம்ப நல்லாருக்குது."

"சுகந்தன்னே சொன்னதும் வீணாப்போச்சு," என்று முனகினார் சரஸ்வதி.

"வீணில்லீங்க. சொகமாத்தானே இருக்கறோம்," என்றான் அண்ணன்.

அப்போது மேட்டிலிருந்து காப்பித் தோட்டத்து ஆராயி அக்காவின் குரல் வந்தது. "சேலத்தா, ஊட்டு முன்னால வேன் நிக்குது. ஆரு வந்திருக்கறாங்க?"

அண்ணி சோற்றுக் கரண்டியோடு வாசலுக்குப் போனார். மெதுவாகப் பேசுகிறவர்தான். அன்றைக்கு அவர் குரல் எதிர்ச் சரிவில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தவர்களையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"ஒறம்பரைக்கா. எங்கப்பா."