என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்

ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கிற லாரிப் பட்டறையில் காலையிலிருந்து மாலை வரை யாரையாவது பாராட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மேனேஜர் ஹாரிஸ் வெள்ளைக்காரர். நட்டை முறுக்கினாலும் ‘குட் ஜாப்’, துடைப்பத்தை மூலையில் சாத்தினாலும் ‘குட் ஜாப்’. வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது, போகப் போக எரிச்சலாகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே கரண்டியில் ஊற்றுகிற சாம்பாரில் எனக்கென்று என்ன இருக்கிறது? என் கை நல்ல கை என்று எனக்கே தெரியும். அது அவருக்குத் தெரிந்துதான் சொல்கிறாரா, அதுதான் எனக்குத் தெரியவேண்டும். இங்கே நான் யாரென்று தெரிந்துகொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

எழுபதுகளின் கடைசியில் பாடாலூரில் ஜமால் பாய் பட்டறையில் இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை என் முகத்துக்கு நேராக வந்ததில்லை. திட்டு மட்டும் நேராக வரும். ஒருமுறை அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி மெயின் ரோட்டில் நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். லாரிக்காரர் பதறிக்கொண்டு நின்றார். நான் பக்கத்து வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். நான் இருப்பது தெரிந்தோ தெரியாமலோ பாய் அவரிடம் சொன்னார்: “ஏன் பதறுறீங்க? நம்ம செல்வராசு இருக்கான்ல. நீங்க போயி சாப்ட்டு வாங்க.”

அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கையால் துடைத்துத் தொலைத்தேன், அப்படி ஒரு எரிச்சல். வெளியே வந்ததும், “என்னடா, உள்ளயே தூங்கிட்டியா?” என்றார் பாய்.

ஷார்ஜாவுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஆளாளுக்குப் பார்த்துக் கைவிட்ட கிரேன் லாரி ஒன்றை மல்லுக்கட்டி ஓடவைத்தேன். ஹாரிஸ் வந்து என் தோளில் கை வைத்துச் சிரித்தபடி, “யூ கோ ஹோம், செல்வா” என்றார். அதற்கு மேலும் நிறையப் பேசினார். எனக்குப் பிடிபட்டது ‘ஹோம்’ மட்டும்தான். ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறானே என்று வயிறு எரிந்தது. மறுநாள் காலையில் பெட்டியும் கையுமாக ஆபீஸ் வாசலில் போய் நின்று பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

கிளார்க் ஜோசப் மலையாளி, தமிழ் பேசுவார். “என்னய்யா, பெட்டியோட?” என்றார்.

“வேலையில குத்தம் இருந்தா சொல்லட்டும் சார். சொல்லாம கொள்ளாம வூட்டுக்கு அனுப்புனா என்னா ஞாயம்?”

ஜோசப் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. “லீவு குடுத்திருக்காருய்யா. ரெண்டு நாள், சம்பளத்தோட. நல்லா வேலை செஞ்சதுக்குப் பரிசு. ரூமுக்குப் போயி படு.”

விஷயம் தெரிந்ததும் ஹாரிஸ் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் ‘ஹோம்’ என்று சொன்னது நாங்கள் அடுக்குக் கட்டிலில் படுக்கிற அந்த ரூமை.

பரிசு வாங்கிய இரண்டு நாளும் அந்த ரூமில் ஒற்றை ஆளாகக் கிடந்தேன். மற்றவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு ஆளுக்குச் சோறு வைத்தேன், பாதிதான் இறங்கியது. பரிசு வாங்கினேன் என்று சொல்ல அங்கே ஒரு நாதியில்லை. இரண்டாம் நாள் மதியம் பொறுக்காமல் பட்டறை கேட்டுக்கே போய்விட்டேன். வாட்ச்மேன் “லீவு, லீவு” என்று கையை ஆட்டித் திருப்பி அனுப்பினான். அழாத குறை.

வேலைக்குத் திரும்பியதும் ஜோசப்பிடம் சொன்னேன்: “இனிமே லீவெல்லாம் வேணாம் சார். பெரிய பழுது எதாச்சும் வந்தா, செல்வராசக் கூப்புடுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அது போதும்.” ஜோசப் அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ, ஹாரிஸ் ரொம்ப சந்தோஷமாக என் முதுகைத் தட்டி, “குட் ஜாப்” என்றார்.

போன வருஷம் ஊருக்கு வந்தபோது, விடிந்ததும் நேராகப் பாய் பட்டறைக்குத்தான் போனேன். ஒரு லாரி பானெட்டைத் திறந்து போட்டபடி இருமிக்கொண்டிருந்தது. நான் சட்டைக் கையை மடித்தேன். பாய் உள்ளேயிருந்து ஓட்டமாக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வாங்க, வாங்க. உக்காருங்க. சட்ட அழுக்காயிடப் போவுது.”

அந்த வாயிலிருந்து ‘டா’ மட்டுமே கேட்டு வளர்ந்தவன் நான். உட்கார்ந்தேன். புது மெக்கானிக் தப்பான இடத்தில் தட்டிக்கொண்டிருந்தான். கோளாறு எங்கே என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ‘என்னன்னு போய்ப் பாருடா’ என்று ஒரு வார்த்தை வருமா என்று பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டீ கிளாஸைத் துடைத்து மரியாதையாக என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“எப்ப ஊருக்குக் கெளம்புறீங்க?”

ஷார்ஜாவைத்தான் கேட்டார். நான் முந்தின நாள் சாயங்காலம்தான் பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தேன்.